சேத்தியா, சேத்தி இல்லியா

என் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில், அரக்கு நிறத்தில் ஒரு ரவிக்கைத் துணி இருக்கிறது. தைக்கப்படாத துணி. இரண்டு கைகளும் வரவேண்டிய இடத்தில் பச்சைப் பட்டு நூலில் மாங்காய் வரிசை போட்டிருக்கும். ஒரு கையில் பதினொரு மாங்காய். இன்னொரு கையில் பத்து மாங்காயும் ஒரு கிளியும். கிளி வரிசையோடு ஒட்டாமல், வழி தவறி வந்து உட்கார்ந்த மாதிரி, ஆறாவது மாங்காய் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும் கிளி அழகாக இருக்கிறது என்பார்கள். அழகுக்குப் போட்ட கிளி இல்லை அது. அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு விரல் அளவுக்கு எண்ணெய்க் கறை இருக்கிறது. அந்த விரல் என் மாமியாருடையது.

நான் ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு, பிள்ளையார்பாளையத்து வீட்டுக்கு மருமகளாக வந்தது அறுபதுகளின் கடைசியில். முன்கட்டில் தறி. தறிக்குழியில் என் வீட்டுக்காரர். பின்கட்டில் சமையல். இரண்டுக்கும் நடுவில் இருந்த கூடத்தில் மாமியாரின் ராஜ்ஜியம். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். மாமனார் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது, பிள்ளை ஒன்றே ஒன்று. பூ வேலையில் ஊரில் அவருக்குப் பேர் இருந்தது. ஒரே நேரத்தில் மூன்று வேலை கையில் இருக்கும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய கல்யாண ரவிக்கை ஒன்று. மடியில் அம்மனுக்குச் சாத்துவதற்காக யாரோ நேர்ந்துகொண்ட பாவாடையின் கரை. சுவர் ஆணியில் தொங்கும் புடவை முந்திக்குக் குஞ்சம் கட்டும் வேலை மூன்றாவது. அரை மணிக்கு ஒரு தரம் ஒன்றை விட்டு ஒன்றுக்கு மாறுவார். ஏன் அத்தை, ஒன்றை முடித்துவிட்டு ஒன்றைத் தொடக் கூடாதா என்று கேட்டேன். "கண்ணு நோவுற வேலைய உட்டுட்டு கழுத்து நோவுற வேலைக்கு வரேன். அதாம்மா எனுக்கு ஓய்வு" என்றார்.

அவரிடம் ஒரு சொல் உண்டு. பிள்ளைகள் பாண்டி ஆடும்போது கோட்டை மிதித்துவிட்டால் "சேத்தி இல்ல, சேத்தி இல்ல" என்று கத்துவார்களே, அந்த ஆட்டம் கணக்கில் வராது என்று, அந்தச் சொல். போட்ட இதழ் கொஞ்சம் கோணினால் துணியைத் தள்ளிப் பிடித்து, "இது சேத்தியா, சேத்தி இல்லியா?" என்று கேட்பார். கேட்பது என்னிடம்தான், ஆனால் என் பதிலுக்குக் காத்திருந்ததே கிடையாது. "சேத்தி இல்ல" என்று தானே சொல்லிக்கொண்டு ஊசி முனையால் இதழைப் பிரித்துவிடுவார். நான் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கிற பூவைக்கூட அப்படிப் பிரித்திருக்கிறார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

எனக்குக் கல்யாணம் ஆன முதல் மார்கழியில் இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, டைபாய்டு வந்தது. மூன்று வாரம் விடாத ஜுரம். தறி நின்றது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ஆளே தெரியாமல் பிதற்றத் தொடங்கியதும் மாமியார் செருப்புக்கூடப் போடாமல் அம்மன் கோயிலுக்கு ஓடினார். முடி இறக்குவதாகவோ மாவிளக்குப் போடுவதாகவோ வேண்டிக்கொள்ளத்தான் போனார். போன இடத்தில் மண்டபத்தில் யாரோ ஒரு பெண்மணி வீணை வாசித்துக்கொண்டிருந்தாராம். மாமியார் சன்னிதியில் நின்று கண்ணை மூடி, என் பிள்ளையைப் பிழைக்க வைத்தால் உன் முன்னால் என்று ஆரம்பித்திருக்கிறார். காதில் வீணை. வாயில் அதுவே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து, திகைத்துப் போன முகத்தோடு சொன்னார். "வர்ற சரஸ்வதி பூஜைக்கு உன் முன்னாடி வீணை வாசிக்கிறேன்னு சொல்லிட்டேம்மா. ஏன் சொன்னேன்னு எனுக்கே தெரியல. மனசு அந்தச் சத்தத்துல நின்னுக்கினு இருந்துச்சு, வாய் அதையே சொல்லிடுச்சு."

அவ்வளவு கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வீணையை அவர் அதுவரை படத்தில் பார்த்ததோடு சரி. அன்று ராத்திரியே ஜுரம் இறங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு யாராலும் சிரிக்க முடியவில்லை. கோயில் குருக்கள் நல்ல மனிதர், வாய் தவறிச் சொன்னதுதானே, இரண்டு தேங்காய் உடைத்துவிட்டு வேறு ஏதாவது செய்யுங்கள் என்றார். என் வீட்டுக்காரரும் படுக்கையில் இருந்தபடியே, யாராவது தெரிந்தவர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லம்மா என்றார். மாமியார் ஒப்பவில்லை. "கேட்டது நானு. குடுத்தது அவ. குடுத்தப்பறம் அவளாண்ட போயி பேரம் பேசறதா? திருப்பி எடுத்துக்கினான்னா இன்னா பண்ணுவேன்?" திருப்பி எடுத்துக்கொள்வது என்றால் எதை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கட்டிலைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. சரஸ்வதி பூஜைக்கு ஒன்பது மாதம் இருந்தது.

குளக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. தன் வயதில் பாதிகூட ஆகாத அந்தப் பெண்ணிடம் மாமியார் மாசி மாதம் வெற்றிலை பாக்கோடு போய் உட்கார்ந்தார். துணைக்கு நான். டீச்சர் உறையை எடுத்ததும் வீணையை வெகு நேரம் பார்த்தார். பிறகு தந்திகளை எண்ணினார். "ஏழே இழை. ஏழு இழைப் பாவுல இன்னா டீச்சர் நெய்யறது?" டீச்சர் சிரித்துவிட்டாள். நல்ல பெண். தன்னுடைய பழைய வீணை ஒன்றை வீட்டில் வைத்துப் பழகச் சொல்லிக் கொடுத்தனுப்பினாள். ரிக்‌ஷாவில் அதை மடியில் கிடத்திக்கொண்டு, மேடு பள்ளம் வரும்போதெல்லாம் பிள்ளைத்தாய்ச்சியைப் போல ஒரு கையால் தாங்கிக்கொண்டு வந்தார் மாமியார்.

ஆக, கூடத்தில் இருந்த மூன்று வேலைகளோடு நான்காவதும் சேர்ந்தது. தறி பழையபடி ஓட மாதங்கள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை வீடு மாமியார் ஊசியில்தான் ஓடியது, ஒரு துணியைக்கூட அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. காலையில் சட்டம், பிறகு சரளி வரிசை, பிறகு குஞ்சம், மறுபடி சரளி வரிசை. இவர் கொஞ்சம் தேறித் தறியில் உட்காரத் தொடங்கியதும் மாமியார் ஒரு வழி கண்டுபிடித்தார். தறியின் அடியையே தாளமாக வைத்துக்கொண்டார். உள்ளே தடக் என்று விழுந்தால் இங்கே ஒரு ஸ்வரம். டீச்சர்கூட இது நன்றாக இருக்கிறதே என்றாள். ஆனால் இவருக்கு இருமல் இன்னும் போகவில்லை. நடுவில் இருமல் வந்து தறி நிற்கும். தறி நின்றால் வீணையும் நிற்கும். மாமியார் விரலைத் தந்தியிலேயே வைத்துக்கொண்டு முன்கட்டைப் பார்த்தபடி இருப்பார். இருமல் முடிந்து தடக் என்று ஒரு அடி விழுந்த பிறகுதான் அடுத்த ஸ்வரம் வரும். அந்த இடைவெளியில் அவர் மூச்சு விட்டாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதெல்லாம் தலையெழுத்து என்று பொறுத்துக்கொண்டிருக்கலாம். விரல்தான் பொறுக்கவில்லை. பூ வேலைக்கு வலது கை சட்டத்துக்கு மேலே, இடது கை கீழே. துணிக்கு அடியில் வரும் ஊசி முனையை வாங்கித் திருப்பி அனுப்புவது இடது ஆள்காட்டி விரல்தான். வீணையிலும் தந்தியை அழுத்தி ஓடுவது அதே இடது ஆள்காட்டி விரல். ஊசி குத்திய இடத்தில் தந்தி அறுக்கும். தந்தி அறுத்துக் காய்த்துப்போன தோலில் பட்டு இழை சிக்கும். பட்டு வேலை செய்கிறவளுக்குக் கை சொரசொரத்தால் போச்சு. தொட்ட இடமெல்லாம் இழை பிரிந்து எழும்பும். விரல் வழுக்கி ஓடுவதற்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளச் சொல்லி, பஞ்சு போட்ட சின்னக் கிண்ணம் ஒன்றைக் கொடுத்திருந்தாள் டீச்சர். வீணைக்கு எண்ணெய் இல்லாமல் ஆகாது. பட்டுக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. அதனால் வீணையை விட்டு எழுந்ததும் கடலை மாவு போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவார். ஒரு நாளைக்கு ஆறு தரம், ஏழு தரம். கழுவிக் கழுவித் தோல் வறண்டு வெடித்தது. வெடிப்பில் பட்டு இன்னும் சிக்கியது. "ஒரு வெரல வெச்சிக்கினு ரெண்டு வீட்டுக்கு வாழ்க்கப்பட்டாப்போல ஆயிடுச்சுமா" என்று விரலை என் முன்னால் நீட்டிச் சிரித்தார். நான் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்கு மட்டும் என்ன செய்யத் தெரியும்?

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்கு அப்போது அவர் மேல் கோபம் இருந்தது. நான் முழுகாமல் இருந்தேன். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. தண்ணீர் இறைப்பது, சமைப்பது, தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுவது எல்லாம் என் தலையில். விடிந்ததிலிருந்து ஒரே ச ரி க ம. அதுவும் அழகாக வந்தால் பரவாயில்லை. கதவு கீல் கிறீச்சிடுகிற மாதிரி வரும். என் பிள்ளை ஸ்வரத்தோடுதான் பிறக்கும் என்று ஒரு நாள் பக்கத்து வீட்டில் சொல்லிக் கேலி செய்தேன். அது அவர் காதில் விழுந்தது. மறுநாளிலிருந்து நான் கிணற்றடிக்குப் போகும் நேரமாகப் பார்த்துப் பழகத் தொடங்கினார்.

ஆடி மாதத்தில்தான் அந்த அரக்குத் துணி வந்தது. செவிலிமேட்டில் ஒரு பெண்ணுக்கு ஐப்பசியில் கல்யாணம், ஆறு ரவிக்கை. கொடுத்த மாதிரிப்படி மாங்காய் வரிசை மட்டும்தான். ஒரு நாள் மத்தியானம் வீணையில் இருந்தபோது முன்கட்டில் இருமல் பெரிதாகக் கேட்டது. மாமியார் எழுந்து ஓடினார். முதுகைத் தடவிக் கொடுத்து, வெந்நீர் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர், நினைவெல்லாம் அங்கேயே இருக்க, கை கழுவ மறந்து நேராகச் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கணம்தான். "ஐயோ" என்றார். ஐந்து மாங்காய் முடிந்து ஆறாவது தொடங்க வேண்டிய இடத்தில் விரல் ரேகையோடு எண்ணெய் பதிந்திருந்தது. திருநீறு தூவினோம், மாவு வைத்து ஒற்றினோம், சாக்குக்கட்டியைப் பொடித்துப் போட்டோம். எண்ணெய் மங்கியது, போகவில்லை. மாங்காய் அதை மறைக்கிற அளவுக்குப் பெரிதாக இல்லை. அதனால் கிளி. இரண்டு நாள் உட்கார்ந்து இறகு இறகாகப் போட்டார். அவர் கையிலிருந்து வந்த வேலைகளிலேயே அதுதான் உயர்ந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். பெண் வீட்டார் பிரித்துப் பார்த்துவிட்டு, நாங்கள் கிளி கேட்கவில்லையே என்று துணியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். மாமியார் அதே நிறத்தில் தன் காசில் வேறு துணி எடுத்து முதலிலிருந்து தொடங்கினார். கிளியை என்னிடம் நீட்டி, "இது சேத்தி இல்லியாம். நீ வெச்சிக்கோ" என்றார்.

ஆவணியில் ஒரு நாள் வீணையின் முதல் தந்தி அறுந்தது. டீச்சர் அக்கா வீட்டுப் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள், வர ஒரு வாரம் ஆகும். வேறு வீட்டில் என்றால் வீணையை மூடி வைத்திருப்பார்கள். நெசவு வீட்டில் அறுந்தது எதையும் அப்படியே விட்டுப் பழக்கமில்லை. பாவில் ஒரு இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிணைத்துவிட்டு மேலே போவோம். நாள் முழுக்க நாங்கள் செய்கிற காரியம் அது. மாமியார் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு கம்பியையும் இழை மாதிரி திரித்துப் பார்த்தார். திரிபடவில்லை. சரி என்று முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டினார். சத்தம் வந்தது. தறியிலிருந்து எட்டிப் பார்த்த இவர்கூட, பரவாயில்லையே அம்மா என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். பிணைப்பது தப்பு என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முடிச்சு வீணைத் தண்டின் மெட்டுகளுக்கு நடுவில், விரல் ஓடும் இடத்தில் விழுந்திருந்தது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை எடுக்காமல் இழுத்துக்கொண்டு போவதை அந்த மாதம்தான் அவர் கற்றுக்கொண்டிருந்தார். ஆசையாக இழுத்தார். முடிச்சின் கம்பி முனை விரலைக் கிழித்தது. மஞ்சளை வைத்து, துணி சுற்றி, மறுநாளே சட்டத்தில் உட்கார்ந்தார். ஐப்பசி ரவிக்கைகளில் மூன்று மீதி இருந்தன. பாவாடைக் கரை பாதியில் நின்றது. புண்ணின் மேலேயே ஊசி குத்தியது. புரட்டாசி பிறந்தபோது விரல் வீங்கி, நகம் கறுத்து, கை முழுக்கத் தெறித்தது. டாக்டர் கீறிச் சீழ் எடுத்தார். கை தப்பியதே பெரிது, விரல் நுனிக்கு இனி உணர்ச்சி வராது, கட்டுப் பிரிக்க ஒரு மாதம் ஆகும் என்றார். சரஸ்வதி பூஜைக்குப் பதினாறு நாள் இருந்தது. கீதம் ஒன்று முக்கால்வாசி வந்திருந்தது.

அந்தப் பதினாறு நாளும் அவர் வீணைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தார். கட்டுப் போட்ட விரலை மெட்டின் மேல் வைப்பார், அழுத்துவார், முகம் சுருங்கும், எடுத்துவிடுவார். நடுவிரலால் முயன்றார், அது தடுமாறியது. ஊர் திரும்பிய டீச்சர் அழுதேவிட்டாள். நான் வாசிக்கிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்றாள். மாமியார் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. முன்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. இவர் நன்றாகத்தான் இருந்தார். ஆனால் ஒவ்வொரு இருமலுக்கும் மாமியாரின் கண் முன்கட்டுக்குப் போய்விடும்.

சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் கோயில் மண்டபத்தில் நல்ல கூட்டம். அம்மனுக்குக் கொலு அலங்காரம். ஒரு தூண் ஓரமாக ஜமக்காளம் விரித்து, டீச்சர் வீணையைச் சுதி சேர்த்துக் கொடுத்தாள். மாமியார் உட்கார்ந்தார். இடது கையை, அந்தக் கட்டுப் போட்ட கையை, மடியில் வைத்துக்கொண்டார். வலது கையால் வெறும் தந்திகளை மீட்டத் தொடங்கினார். விரல் வைக்காத தந்தி. ஒன்று, அடுத்தது, அடுத்தது, பக்கத்தில் இருக்கும் மூன்று, மறுபடி முதலிலிருந்து. அத்தனை மாதத்தில் அவர் கையிலிருந்து அவ்வளவு சுத்தமான நாதம் வந்து நான் கேட்டதில்லை. சனங்கள் நின்று பார்த்தார்கள். பாட்டு இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தார்கள். கால் மணி நேரம் ஆனது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பொறுக்க முடியாமல், "சுதி சேந்துடுச்சாம்மா? பாட்ட ஆரம்பிக்கிறது!" என்றாள். நான்கைந்து பேர் சிரித்தார்கள். மாமியார் கையை எடுத்தார். வீணையைத் தொட்டுக் கும்பிட்டார், அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார், எழுந்துவிட்டார்.

வரும் வழியில் ரிக்‌ஷாவில் எனக்கு இடுப்பு கடுகடுத்தது. ஐந்து மாத வயிறு. காலையிலிருந்து ஒரு வாய் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தனை பேர் நடுவில் அவர்கள் சிரித்ததில் எனக்குத்தான் அவமானமாக இருந்தது, அவருக்கு இல்லை. கடைத்தெருவைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அது சேத்தியா?"

துணியைத் தள்ளிப் பிடித்துக் கேட்கும் அதே கேள்விதான். ஆனால் இந்தத் தடவை அவர் தானே பதில் சொல்லிக்கொள்ளவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து என் பதிலுக்காக அவர் காத்திருந்தது அந்த ஒரு தரம்தான்.

"எனுக்கு இன்னா தெரியும்? அம்மனையே போயி கேளுங்க" என்றேன்.

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். சேத்தி அத்தை என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. அதற்குப் பிறகு எத்தனையோ தரம் சொன்னேன். பேத்தி பிறந்தபோது சொன்னேன். இவர் தறியில் திரும்பவும் பழைய வேகத்துக்கு வந்தபோது, பாருங்கள் அத்தை, உங்கள் பிள்ளை கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், அது சேத்திதான் என்றேன். "ஆமாமா" என்பார், என்னைத் தேற்றுகிற மாதிரி. முதலில் கேட்டபோது சொல்லாத பதில், பிறகு சொன்னால் சமாதானமாகத்தான் போய்ச் சேர்கிறது. அவருக்கு அதற்கப்புறம் பூ வேலையும் முடியவில்லை. துணிக்கு அடியில் ஊசி எங்கே வருகிறது என்று செத்துப்போன விரலுக்குத் தெரியவில்லை. குஞ்சம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தார். முன்கட்டில் இருமல் கேட்டால் முடிச்சுப் பாதியில் நிற்கும். அப்படியே இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகாமல் இருந்த ஒவ்வொரு நாளையும் அவர் பயந்துதான் கழித்தார்.

கடைசி வாரம் நினைவு தப்பிக் கிடந்தபோது வலது கை விரல்கள் போர்வையை ஒவ்வொரு இழையாகச் சுண்டிக்கொண்டே இருந்தன. கடைசியில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். நான் காதோரம் குனிந்து, சேத்தி அத்தை, சேத்தி என்றேன். கேட்டதா என்று தெரியவில்லை. விரல்கள் நிற்கவில்லை.

இப்போது தறி இல்லை. இவருக்கு எண்பது நெருங்குகிறது. மழை பிடித்தால் நெஞ்சில் சளி கட்டுகிறது. போன வாரம் ஒரு நாள் மத்தியானம் முன்னறையில் விடாமல் இருமினார். நடுவில் நின்றது. அடுத்த சத்தம் வருவதற்குள் நான் அடுப்பை அணைத்துவிட்டு, என்ன செய்கிறேன் என்று தெரியாமலே பெட்டியைத் திறந்து, அந்த அரக்குத் துணியை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளி பழைய பச்சையிலேயே இருக்கிறது. அதன் வயிற்றின் மேல் விரலை வைத்து முன்னறையைப் பார்த்தபடி, "சேத்தியா அத்தை?" என்று கேட்டேன்.